வலையின் உள்மூலை

தொடையிடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு எந்த அறுவை சிறந்தது என்று பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் கேட்டால், முறையின் பெயரைச் சொல்லும் முன் ஓர் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அடிவயிற்றின் கீழே, நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, விரலில் தட்டுப்படும் சின்ன எலும்பு மேடு: பியூபிக் டியூபர்கிள். குடலிறக்கம் திரும்ப வந்து மறுபடி திறக்க நேர்ந்தவர்களில் பலருக்கு, சுவரைத் தாங்க முதலில் வைத்த செயற்கை வலை அந்த மேட்டை எட்டாமலே நின்றிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1880-களில் இத்தாலியின் பதுவாவில் பஸ்ஸினி என்ற சர்ஜன் செய்த பெரிய காரியம், பிதுங்கிய குடலிறக்கப் பையைக் கட்டி விடுவதோடு நில்லாமல், அது இறங்கிவரும் தொடையிடுக்குக் கால்வாயின் பின்சுவரையே எழுப்பியது. தசையைக் கீழிறக்கி தொடையிடுக்கில் ஓடும் நாரான இங்குவினல் லிகமெண்டோடு தைத்தார். ஆனால் இறுக்கமான ரவிக்கையின் தையல் போல, இழுத்துப் பிடித்த திசு நாளடைவில் விட்டுக்கொடுக்கும். டொரன்டோவில் ஷோல்டைஸ் 1945-ல் தொடங்கிய மருத்துவமனை, அதே பின்சுவரை மெல்லிய கம்பியால் அடுக்கடுக்காக மடித்துத் தைத்துப் பெயர் வாங்கியது. அங்கே நாள்தோறும் இதையே செய்யும் கைகள் இருக்கின்றன. எப்போதாவது செய்பவருக்கு அந்தப் பலன் கிடைப்பது அரிது. ஆனாலும் ஒவ்வோர் இளம் சர்ஜனும் ஷோல்டைஸ் முறையைக் கற்க வேண்டும் என்பேன். பின்சுவர் எத்தனை மெல்லியது என்பதைக் கை அப்போதுதான் அறியும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டென்ஸ்டைன் 1980-களில் நிலைநாட்டிய முறையைத்தான் நான் அதிகம் செய்கிறேன். திசுவை இழுப்பதில்லை, பாலிபுரோப்பிலீன் வலையை விரித்து வைக்கிறோம். வலையின் உள்மூலையை வளைவாக வெட்டி, டியூபர்கிளைத் தாண்டி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் படியவிட்டு முதல் தையலைப் போடுவேன். ஊசி எலும்பின் மேல்சவ்வில் ஏறக் கூடாது. ஏறினால் மாதக்கணக்கில் வலிக்கும். அங்கிருந்து லிகமெண்ட் ஓரமாகத் தொடர்தையல். வெளிமுனையைப் பிளந்து இரண்டு வால்களாக்கி, விந்துநாணைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துவிட வேண்டும். வலை விறைப்பாக இருக்கக் கூடாது, லேசாக உப்பியிருக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டுப் படுத்திருப்பவரின் வயிறு தளர்ந்திருக்கும். அவர் எழுந்து நின்று இருமும்போது சுவர் முன்னால் தள்ளும், வலையும் காலப்போக்கில் சற்றுச் சுருங்கும். இத்தனைக்கும் நடுவே மூன்று நரம்புகளைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். நோயாளி வருடக்கணக்கில் நினைவில் வைத்திருப்பது தழும்பை அல்ல, அந்த நரம்பு வலியைத்தான்.

லேப்ராஸ்கோபியில், வயிற்றறைக்குள் நுழையாமல் செய்யும் டெப் (TEP) ஆனாலும், நுழைந்து செய்யும் டாப் (TAPP) ஆனாலும், வலை தசைக்கு உள்பக்கம் போகிறது. பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டராவது வேண்டும். கால் ரத்தக்குழாய்கள் ஓடும் இடத்தில் வலையைப் பொருத்தும் டேக்கர் ஆணியை அடிக்கவே கூடாது. இங்கேயும் உள்மூலைதான் சோதனை: வலை எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கி, நடுக்கோட்டையும் தொட வேண்டும். காற்றை வெளியேற்றும்போது கீழ் ஓரம் சுருண்டு மேலேறுகிறதா என்று கடைசிவரை பார்க்க வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், இரண்டாண்டில் திரும்ப வந்தது திறந்த அறுவையில் 4.9 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 10.1. ஆனால் 250-க்கு மேல் லேப்ராஸ்கோபி செய்த சர்ஜன்களிடம் அது ஐந்துக்கும் குறைவு. எந்த முறை என்பதைவிட யார் கை என்று கேட்க வைக்கும் கணக்கு இது.

வலையின் விலை பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் டோங்காவ்கர் என்ற சர்ஜன் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்துப் பயன்படுத்திக் காட்டினார். உகாண்டாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்விலும் அத்தகைய வலை, விலை உயர்ந்த வலைக்கு ஈடுகொடுத்தது. எனக்கு அதில் பெரும் மகிழ்ச்சி.

முதல் முறை, ஒரு பக்கம், வயதானவர், இதயக் கோளாறு: திறந்த அறுவை, மரத்துப்போகும் ஊசியிலேயே முடித்துவிடலாம். இரண்டு பக்கமும் இருந்தாலோ, திறந்து செய்தது திரும்ப வந்தாலோ டெப். பெண்களுக்கும் உள்ளிருந்து பார்ப்பதையே விரும்புகிறேன்; தொடைக்கால்வாயில் ஒளிந்திருக்கும் இன்னொரு இறக்கம் முன்னாலிருந்து திறந்தால் தப்பிவிடும். அதனால் யார் வந்தாலும் நிற்க வைத்து, இரு பக்கமும் விரல் வைத்து, "இருமுங்கம்மா", "இருமுங்கய்யா" என்று கேட்ட பிறகே தேதி குறிக்கிறேன்.