மழை நனைத்த குவியலும் நமது ஆல்டோவும்



பழைய கார் ஒன்று வாங்கலாமா என்று அண்மையில் மூவர் நம்மிடம் வினவினர். ஆறாண்டுகள் அத்தகைய வண்டியொன்றை வைத்திருந்தோம் என்பதே நமது தகுதி. நின்றபடி ஓரிரு சொற்களில் விடையளித்து அனுப்பிவிட்டோம். அது போதாது என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

2017-இல் நம் தாயாரை அடிக்கடி தஞ்சை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தரங்கம்பாடியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இருமுறை பேருந்து மாறி, கூட்டத்தில் அவர் தள்ளாடி நின்றதைக் கண்ட பிறகு, ஒரு தரகர் வழியாக 2009-ஆம் ஆண்டு மாருதி ஆல்டோ ஒன்றை 1,15,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், 1983-இல் வந்த மாருதி 800-க்கும் இதே கொள்ளளவுதான். எந்தச் சிற்றூரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கின் கையும் அதைப் பழகியிருக்கும். மதரஸா ஊதியத்தில் வாழ்பவர் வேறெதைத் தேட முடியும்?

மூன்றாம் வாரம் ஏ.சி.யைப் போட்டால் ஈரச்சாக்கின் வாடை வீசியது. பொறையாற்று மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. சீட் பெல்ட்டை அதன் கடைசி முனைவரை வெளியே இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. இருக்கையின் தண்டவாளத்தில் துரு. "பாய், இது தண்ணி குடிச்ச வண்டி" என்றார். பதிவெண் சென்னையுடையது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கு மூழ்கிய வண்டிகள் பல, மலிவாகக் கைமாறி, துடைத்துத் துலக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைகளுக்கு வந்தன. நாம் கண்டது பளபளத்த பெயின்டையும் புதிய இருக்கை உறையையும் மட்டுமே.

தரகரிடம் சென்றோம். "இருக்கிற நிலையிலதான் கொடுத்தோம், ஹஜ்ரத். பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்றார். நாம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் சட்டம் அவ்வாறு கூறவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்பவர், பிராணிகளின் உள்ளே மறைந்து தாமும் அறியாதிருந்த குறையிலிருந்து மட்டுமே விடுபடுவார்; மற்றவற்றிலிருந்து விடுபடார் என்பதே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் வலுவானதாகக் காட்டும் கருத்து. கார் பிராணியன்று. ஆயினும் அதே சட்டம் நம்மையும் பிடித்தது. குறையை அறிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். அறிந்தபின் பயன்படுத்தினால் திருப்பும் உரிமை போய்விடும். மெக்கானிக் கூறிய மறுநாளே தாயாரை அதே வண்டியில் தஞ்சைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மருத்துவர் தந்த நாள் அது. வேறு வழியில்லை என்று அன்று எண்ணினோம். தரகரிடம் மேலும் வாதாட நமக்கு வாயில்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். வாங்கும் விலை முன்பணம் மட்டுமே. முதலாண்டில் நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட் என்று 30,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. முன் சக்கரங்களின் ஆக்சில் முனையில் ஒரு ரப்பர் உறை உண்டு, பூட் என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மணல் உட்புகும். வண்டியைத் திருப்பும்போது கடக் கடக் என்று ஒலி எழும். ஒலி வருமுன் மாற்றினால் சில நூறு ரூபாயோடு முடியும். நாம் ஒலி வந்தபின் மாற்றினோம், அதாவது ஆக்சிலையே மாற்றினோம். எஞ்சினின் டைமிங் பெல்ட்டை முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு இல்லையெனில், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். நடுவழியில் அது அறுந்தால் வண்டி நின்றுவிடும். பிறகு இழுத்துவரும் கூலியும் சேரும். ரேடியேட்டர் பழுதுக்குப் பழி நமதே. கூலண்ட் வாங்கும் காசை மிச்சப்படுத்த வீட்டு போர்த் தண்ணீரையே ஊற்றினோம். கடலோர உப்புத் தண்ணீர் இரண்டாண்டில் அதன் குழாய்களை அடைத்துவிட்டது.

கடலோரத்தில் வாழ்பவர்கள் அறிய வேண்டியது இன்னொன்று. காற்றில் வரும் உப்பு தகரத்தில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அவ்வுப்பு தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். எனவே மழையே இல்லாத நாளிலும் வண்டியின் அடிப்பகுதி நனைந்தே இருக்கிறது. மேலே கழுவுவதைவிட அடியில் நல்ல தண்ணீர் அடிப்பதே பயன் தரும். வெள்ளத்தில் மூழ்கிய தகரத்திற்குக் கடற்காற்றும் சேர்ந்தால் என்னவாகும்? நான்காம் ஆண்டில் ஓட்டுநரின் காலடியில் ஓட்டை விழுந்தது. தகரம் வைத்துப் பற்றவைத்தோம். வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்து, ஸ்டார்ட்டர் ஒரு நாள் சுழலும், ஒரு நாள் மறுக்கும். தை மாத அறுவடையில் வயலிழந்த எலிகள் வேறு பானட்டினுள் குடியேறி வயர்களைக் கடித்தன. அதற்கு மாருதியும் பொறுப்பல்ல, தரகரும் பொறுப்பல்ல.

காப்பீடு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும் மூன்றாம் நபர் காப்பீடு சட்டக் கட்டாயம். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2022-இல் அது 2,094 ரூபாயும் வரியுமாக இருந்தது. பெட்ரோலுக்குக் காரைக்கால் பக்கம் போகும்போது நிரப்பிக்கொண்டால் லிட்டருக்குச் சில ரூபாய் மிஞ்சும். அதற்கென்றே போனால் மிஞ்சாது.

2022-இல் தாயார் அல்லாஹ்வின் பக்கம் மீண்டார்கள். மறுவருடம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக வண்டியை விற்க முடிவு செய்தோம். அடிப்பகுதிக்குக் கரிய பூச்சு அடித்து, ஓட்டை இருந்த இடத்தின்மேல் புதிய மேட் விரித்தால் 65,000 வரை போகும் என்றார்கள். பூச்சும் அடித்தோம். துருவைத் தடுக்கத்தானே என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம். வாங்குபவர் கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் பேசாதிருப்பது என்றும் தீர்மானித்திருந்தோம்.

அவ்வாரம் மதரஸாவில் வியாபாரப் பாடம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழை நனைத்துவிட்டது என்று வணிகர் கூறியதையும், ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டதையும் விளக்கிக்கொண்டிருந்தோம். மாணவர்கள் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேலென்று நெல் திரும்பிவருவது அவர்களுக்குப் புதிதன்று. ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்த வியாபாரி பொய் சொல்லலையே. கேட்டதும் உண்மையைச் சொல்லிட்டாரே. அப்புறம் என்ன தப்பு?" என்றான்.

விடை நமக்குத் தெரியும். கேட்கும்வரை காத்திருந்ததே தவறு. விற்பவர் மட்டுமல்ல, குறையை அறிந்த வேறொருவரும் வாங்குபவரிடம் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்றும் சட்ட நூல்கள் கூறுகின்றன. அதை அவனுக்குச் சொன்னோம். குரல் சற்றுத் தாழ்ந்தே வந்தது.

வீட்டிற்கு வந்து இல்லத்தாரிடம் கூறினோம். "கட்டணத்துக்குக் குறைஞ்சா என் வளையலை வைங்க. இந்த வண்டியில யாரோட உம்மா போகப் போறாங்களோ" என்றார். அவர்தான் மேட்டையும் எடுத்து வெளியே போட்டார்.

வண்டி பார்க்க வந்தவர் ஆக்கூர்ப் பக்கத்து இளைஞர், புதிதாக மணமானவர். சீட் பெல்ட்டை நாமே முழுதும் இழுத்துக் காட்டினோம். பற்றவைத்த இடம், பச்சை பூத்த இணைப்பு, 2024-இல் பதினைந்தாண்டு நிறைவுற்றால் பதிவைப் புதுப்பிக்க முன்பிருந்த 600 அன்று, 5,000 ரூபாய் ஆகும் என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. நாளை சொல்கிறேன் என்று போய்விட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நற்செயல் செய்த நிம்மதி என்றெல்லாம் எழுத மனம் வரவில்லை, 65,000 ரூபாயைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் வந்து 44,000 தருவதாகக் கூறினார். கொடுத்துவிட்டோம். வளையல் ஐந்து மாதம் அடகில் இருந்தது.

சென்ற வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். வண்டி மறுபடியும் ஸ்டார்ட் ஆகவில்லையாம். "பச்சை பூத்த இணைப்புன்னு சொன்னீங்களே ஹஜ்ரத், அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பேட்டரிக்குக் கீழே, இடப்புறம் என்றோம்.