'நல்லது' என்று ஒரு மது

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபேர்மாண்ட் விடுதியில் 1945 முதல் 'டோங்கா ரூம்' என்னும் மதுக்கூடம் நடந்துவருகிறது. பசிபிக் தீவுகளின் சாயலில் அமெரிக்கர் கற்பனை செய்த 'டிகி' உணவகங்களுள் ஒன்று அது. நடுவில் இருப்பது விடுதியின் பழைய நீச்சல்குளம். அதில் மிதக்கும் படகில் இசைக்குழு வாசிக்கும். இடையிடையே இடி முழங்கிச் செயற்கை மழை பெய்யும். குடையோ கோப்பைக்குள் செருகப்பட்டிருக்கும்.

கூடத்தின் பெயர் டோங்கா நாட்டினுடையது. அங்கே கிடைக்கும் மாய் டாயின் பெயர் தஹித்தி மொழியினது. 'மைதாஇ' என்றால் நல்லது. 1944இல் தாம் கலந்த பானத்தைச் சுவைத்த தஹித்தி நண்பர்கள் சொன்ன சொல் அது என்பார் ஓக்லண்டின் விக்டர் பெர்ஜரான். ஹவாய் மொழியில் அதுவே 'மைகாஇ'. மூலமொழியின் தகரம் ஹவாயில் ககரமாகும். ககரம் குரல்வளையில் ஒரு கண நிறுத்தமாகத் தேயும். மாவோரியரின் 'திகி' அங்கே 'கிஇ' ஆவதும் இவ்வாறே. மாவோரியருக்குத் திகி என்பது முதல் மனிதனின் பெயர். செதுக்கிய மனித உருவத்துக்கும் அதுவே பெயர். டிகி மதுக்கூடங்களில் அது பீங்கான் கோப்பை.

இத்தனை நுட்பமாகப் பிரிந்த மொழிகள் இங்கே ஒரே பனையோலைக் கூரையின்கீழ் ஒன்றாகிவிடுகின்றன. ஹவாயிலோ 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியிருந்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் வளர்ந்து முதியோரான காலத்தில்தான் தீவுச் சொற்கள் அமெரிக்க மதுப்பட்டியல்களில் ஏறின. அந்தத் தீவுகளில் 'பூனானா லேயோ' என்னும் ஹவாய் மொழி மழலையர் பள்ளி தொடங்க 1984 ஆயிற்று. அப்பெயருக்கு 'குரலின் கூடு' என்று பொருள்.