யாருக்கு எது ஓய்வு நேரம்?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹெச்பிஏ1சி 6.7 என்று வந்தது. "மூணு மாசம் தினமும் நடங்க. குறையலைன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் பயமுறுத்திவிட்டார்.

அன்று சாயந்திரமே ஷூ வாங்கியாச்சு. வீடு லேக் மார்க்கெட் பக்கம். பொடிநடையாகப் போனால் ரவீந்திர சரோபர் ஏரி. தனியாகப் போக சோம்பல், அதனால் தங்கமணியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

விடியும் முன்பே அங்கே கூட்டம். பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? 'ஏன் வர்றீங்க?' என்று பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தேன். என் வயது ஆண்கள் சுகர், பிபி, பைபாஸ் என்றார்கள். ஆனால் நடை அரை மணி என்றால், மண் குவளையில் லெபு சா குடித்தபடி மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் சண்டை ஒரு மணி நேரம்! பயம்தான் அவர்களைக் கூட்டி வந்தது. தினமும் வரவைப்பது அந்த அரட்டை. இளவட்டங்களுக்கு உடம்பை முறுக்கேற்றணும். பெண்கள் 'வெயிட் குறையணும்' என்று சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார்கள்.

மூன்று மாதத்தில் 6.1. பயம் போச்சு. மார்ச் கிளோசிங்கும் வந்தது. ஷூ கட்டிலுக்கடியில் போய்விட்டது. தங்கமணி மட்டும் நிறுத்தவில்லை. மழையானாலும் குடையோடு கிளம்பிவிடுவாள்.

நிற்க. ஒரு நாள் ஊரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் போகலைன்னா என்ன? டிபன் ஆகணுமே" என்றேன்.

"உங்களுக்கு அது சுகருக்கு. எனக்கு ஒரு நாள்ல யாரும் கூப்பிடாத நேரம் அந்த முக்கால் மணிதாங்க" என்றாள். சொல்லிவிட்டு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். அன்றைக்குப் போகவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் யோசித்தேன். நான் நடக்க எழுந்தது ஐந்து மணிக்கு. அவள் எழுந்தது நாலேகாலுக்கு. சமையலை முடித்து, பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று மாதம் கூடவே நடந்தும் நான் கவனிக்கவில்லை.

லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் சுமார் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் பேருக்குப் போதுமான உடலியக்கம் இல்லையாம். வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான இயக்கம், அல்லது 75 நிமிஷ கடும் இயக்கம், இதுதான் அளவுகோல். பழைய நானாக இருந்தால் 'பொம்பளைங்களுக்கு ஆர்வம் கம்மி' என்று சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் ஆர்வம் அவளுக்குத்தான் அதிகம் சார். ஓய்வு நேரம்தான் என் பெயரில் இருந்தது.

இப்போது காலை டிபன் என் டிபார்ட்மெண்ட். பெரும்பாலும் உப்புமாதான், ஹிஹி. அவள் வந்ததும் நான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

அடுத்த வருஷம் மறுபடி மாற்றல் வரும். எந்த ஊர், எந்த கிளை என்று என் கவலை எனக்கு. அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்கே நடக்க எடம் இருக்குமா?"