எண் 45

நம் இல்லத்தில் பல ஆண்டுகளாக ஒற்றைத் தோடு ஒன்று இருந்தது. சிவப்புக் கற்கள் பதித்த 22 காரட் தங்கத் தோடு. அதன் இணை 2016ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கரக்பூர் ரெயில்வே குடியிருப்பில், நம் வீட்டுக் கொல்லைப் புறத்தில் அன்னையார் துணி துவைத்துக்கொண்டிருந்தபொழுது கழன்று விழுந்தது. விழுந்த இடம் அதுவே என்பதில் ஐயமில்லை. துவைக்கும் கல்லின் அருகே திருகு மட்டும் அகப்பட்டது. மண்ணைச் சல்லடையிட்டுச் சலித்தும் தோடு கிடைக்கவில்லை.

தொழிற்சாலையில் பிட்டராக இருந்த தந்தையார், மணமான புதிதில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியளித்த தோடு அது. மறு ஆண்டே அவர் மறைந்தார். கருணை அடிப்படையில் நமக்குக் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. வீடும் நம் பெயருக்கு மாறிற்று. அன்னையார் அதன்பின் காதில் ஒன்றும் அணிவதில்லை. ஆயினும் அந்த ஒற்றைத் தோட்டை விற்கவோ உருக்கவோ அவர் இசையவேயில்லை.

சென்ற ஆண்டு நம் வரிசை வீடுகளை இடிக்கப் போவதாகவும், தை மாதத்திற்குள் வேறு வீட்டிற்கு மாற வேண்டுமென்றும் உத்தரவு வந்தது. அன்று இரவு அன்னையார் உண்ணவில்லை. காரணம் கேட்பானேன்? கொல்லையை விட்டுப் போகிறோம் என்பதே காரணம்.

இச்சமயத்தில்தான் சிங்கப்பூரில் பணிபுரியும் மைத்துனர், விடுப்பில் வந்தவர், உலோகங்காட்டும் கருவி ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். கைத்தடி போன்ற ஒரு தண்டு. அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டு. மேலே எண் காட்டும் சிறு திரை. வட்டினுள் இருக்கும் கம்பிச் சுருள் மண்ணிற்குள் மாறி மாறி ஒரு காந்தப் புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருப்பின் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, எதிரொலி போல் ஒரு சிறு புலத்தைத் திருப்பியனுப்புகிறது. அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைக் கணக்கிட்டுக் கருவி 0 முதல் 99 வரை ஓர் எண்ணைக் காட்டும். இரும்பிற்குச் சிறிய எண். செம்பு, வெள்ளி ஆகியவற்றிற்குப் பெரிய எண்.

மைத்துனர் இவ்வளவும் சொல்லிவிட்டு விமானமேறிவிட்டார். நாம் நம் பத்தாம் வகுப்பு அறிவைக் கொண்டு ஒரு முடிவிற்கு வந்தோம். தங்கம் விலையுயர்ந்தது, ஆகவே அதன் எண்ணும் உயர்ந்ததாகவே இருக்கும்! 60க்குக் கீழ்ப்பட்ட எண்களுக்குக் கருவி வாய் திறவாதபடி அமைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கொல்லையை உழுதோம்.

அம்மூன்று வாரங்களின் விளைச்சலைக் கேளுங்கள். 68 என்று காட்டிய இடத்தில் 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நயா பைசா, வெண்கலக் காசு. 75இல் அலுமினியப் பத்துப் பைசா. 87 என்று கணீரென ஒலித்த இடத்தில் ஒரு முழம் தோண்டியபொழுது, உள்ளங்கையளவு இரும்பு வாஷர்! இரும்பு சிறிய எண்ணைத்தான் காட்டும் என்று நம்பியிருந்த நமக்கு இது பெருத்த அவமானமாயிற்று. பின்னரே அறிந்தோம்: பெரிய தட்டையான இரும்பும், நடுவில் துளையுள்ள வளையமும் கருவியை ஏமாற்றும். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒலி கேட்ட இடத்தில் தெற்கு வடக்காக வீசிப் பார்த்தபின், கால் சுற்று நகர்ந்து கிழக்கு மேற்காகவும் வீசிப் பார்க்க வேண்டும். எண் இருமுறையும் அசையாது நின்றால் தோண்டலாம்; 87, 31, 90 என்று தாவுமாயின் பெரும்பாலும் அது துருப்பிடித்த இரும்பே.

மண்ணும் நம்மைச் சோதித்தது. கரக்பூர் மண் இரும்புச் சத்து மிகுந்த செம்புரை மண். எந்தப் பொருளும் இல்லாத இடத்திலும் கருவி முணுமுணுக்கும். மண்ணின் குரலைக் கருவி கழித்துவிடும் பொருட்டு, வட்டை வெற்று நிலத்தின்மீது ஏற்றி இறக்கிச் சமன் செய்ய வேண்டும். சட்டைப்பையிலுள்ள கைப்பேசியையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். இவற்றை ஒவ்வோர் ஏமாற்றத்திற்குப் பின் ஒவ்வொன்றாகக் கற்றோம்.

நான்காம் வாரம் மைத்துனருக்குத் தொலைபேசியில் நம் குறையைச் சொன்னோம். அவர் சிரித்தார். "அத்தான், அந்த எண் உலோகத்தின் பெயரன்று. பொருளின் அளவு, கனம், வடிவம், அது கிடக்கும் கோணம் எல்லாம் சேர்ந்துதான் எண். சிறிய தங்கம் கீழேதான் காட்டும். அதுதான் இணைத் தோடு வீட்டில் இருக்கிறதே! அதைப் புதைத்துப் பாருங்கள்" என்றார்.

எளிய வழிதான். ஆனால் அதை அன்னையாரிடம் எவ்வாறு சொல்வது? இரண்டு நாள் தயங்கிச் சொன்னோம்.

"ஒன்றை மண் விழுங்கியது போதாதா? இதையும் அதற்குக் கொடுக்கப் போகிறாயா?" என்றார். மேலே பேச நமக்கு வாயெழவில்லை. மறுநாட்காலை அவரே தோட்டைக் கொணர்ந்தார். அதன் தண்டில் தையல் நூல் இறுகக் கட்டியிருந்தது. கருவி மௌனமாயிருந்த ஓரிடத்தில் மூன்று விரற்கடை ஆழத்தில் புதைத்தோம். நூலின் மறுமுனையைத் தம் விரலில் சுற்றிக்கொண்டு அவர் படிக்கட்டில் அமர்ந்திருந்தார்.

வட்டை வீசினோம். 45. மறுபடியும் 45, திரும்பி நின்று வீச 44. குறுகிய, மெல்லிய ஒலி. மூன்று வாரம் நாம் கேட்கவே மறுத்த ஒலி அது.

நூலை இழுத்துத் தோட்டை எடுத்துக்கொண்டு அன்னையார் உள்ளே சென்றபின், கருவியின் வாய்க்கட்டை அவிழ்த்து, 40 முதல் 50 வரை எது ஒலித்தாலும் தோண்டுவது என்று தொடங்கினோம். கொல்லை முழுவதும் 45 ஆகவே இருந்தது! தோண்டிய இடமெல்லாம் மாத்திரை அட்டைகளின் அலுமினியத் தகடு. சுருண்டது, மடிந்தது, கிழிந்தது. மெல்லிய தகட்டிற்கும் சிறிய தங்கத்திற்கும் கருவி ஒரே எண்ணைத்தான் சொல்லும்; குப்பையை விலக்கினால் தங்கமும் சேர்ந்தே விலகும்.

இத்தனை தகடுகள் எங்கிருந்து வந்தன என்று சலித்துக்கொண்டோம். "உன் அப்பா போட்டவைதாம். இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து மாத்திரையைப் பிதுக்கிவிட்டு, தாளை அப்படியே கொல்லையில் எறிவார். கடைசி ஓராண்டு நான் திட்டாத நாளில்லை" என்றார் அன்னையார். அதன்பின் நாம் சலித்துக்கொள்ளவில்லை. எடுத்த தகடுகளை எண்ணிக்கொண்டே போனோம்; 52 வரை எண்ணியது நினைவிருக்கிறது.

மார்கழி மாதத்து இரண்டாம் ஞாயிறு, கல்லிலிருந்து ஏழடி தொலைவில், துவைத்த நீர் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில், 41 என்று ஒலித்தது. எல்லைக்குள் இருந்தமையால் தோண்டினோம். நான்கு விரற்கடை ஆழத்தில், தண்டு வளைந்து, ஒரு கல் உதிர்ந்து, தோடு செங்குத்தாகச் செருகிக் கிடந்தது. படுக்கை வாட்டத்தில் இராமையாலேயே எண் குறைந்தது போலும். மண்ணுடன் அப்படியே அன்னையாரின் கையில் வைத்தோம். அவர் குழாயடியில் கழுவினார், நெடுநேரம் கழுவினார். பிறகு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குச் சென்று பாலைக் காய்ச்சலானார். கோல் பஜார்ப் பொற்கொல்லர் கல்லைப் பதித்துக் கொடுத்துவிட்டார். பேத்திக்குக் காது புண் ஆறியதும் இரண்டையும் போடுவதாக ஏற்பாடு.

செய்தி பரவியதும் சில நண்பர்கள், பழைய மேடுகளில் புதையல் பார்க்கலாமே என்று நம்மை அழைத்தனர். மறுத்துவிட்டோம். 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதோ குற்றம். ரெயில்வே ஊழியருக்கு இருக்கிற விசாரணைகள் போதும்.

கருவி இப்பொழுது நம் புதிய வீட்டில் உள்ளது. சங்கத்து அன்பர்கள் எவரேனும் தம் வீட்டுத் தோட்டத்தில் நகை தொலைத்திருப்பின் எடுத்துக்கொண்டு வரச் சித்தமாயிருக்கிறோம். இணையோ, அதை ஒத்த வேறொன்றோ, கூடவே தையல் நூலோ, தயாராக வைத்திருங்கள். மோதிரமாயின் எளிது. சங்கிலியாயின் சற்றுக் கடினம். அதன் கண்ணிகளைக் கருவி தனித்தனியாகத்தான் உணரும். ஆதலால் எட்டுப் பவுன் சங்கிலி ஒரு சோடாப் புட்டி மூடியின் அளவிற்குக்கூடக் குரல் கொடாது. கொக்கியோ பதக்கமோ எப்படியிருந்தது என்பதை முன்னதாகவே தெரிவித்தால் நலம்.