பயணிக்கு ஏற்ற பரிசு

ஈதல் நன்று, பெறுவோர் நிலையறிந்து ஈதல் அதனினும் நன்று. புறநானூற்றின் 140-ஆம் பாட்டில் ஔவையார் இதனை நயமாகச் சொல்கின்றார். சமைத்த கீரைக்குத் துணையாகச் சிறிது அரிசி வேண்டுமென்று நாஞ்சில் வள்ளுவனிடம் கேட்டாராம். அவனோ தன் பெருமையை எண்ணி, மலை போன்றதொரு யானையை ஈந்தானாம். இப்படி ஆராயாமற் கொடுக்கும் கொடையும் உண்டோ என்று, பழிப்பது போலப் புகழ்கின்றார் புலவர். புகழ்ச்சி வள்ளலுக்கு ஆகுக. ஊரூராய் நடக்கும் பாணர் கூட்டம் அந்த யானைக்குத் தீனியை எங்கே தேடியது என்பதே எனக்குள் எழும் வினா.

தீபாவளி நெருங்குந்தோறும் இவ்வினா பினாங்கிலும் எழுகின்றது. இன்று நம் குடும்பங்களில் ஓயாது பயணம் செய்வோர் ஒருவரேனும் இருக்கின்றனர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து மாதந்தோறும் வெளிநாடு செல்லும் பொறியாளர், இரவு பகலாய் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர், சென்னைக்குச் சென்று துணி எடுத்து வரும் வணிகர், கப்பலில் வேலை செய்பவர் எனப் பலர். இவர்களுக்கு நாம் வாங்குவது யாது? இரண்டு முழ உயரக் குத்துவிளக்கு, கண்ணாடிப் பாத்திரம், டின் நிறைய முறுக்கு. அவர்களும் முகமலர்ச்சியோடு பெற்றுக்கொண்டு, "அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன், அத்தை" என்று நம் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகின்றனர். நாம் ஈந்ததும் யானையே அன்றோ?

இவ்வழக்கத்தின் வேர் ஆழமானது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்த காலந்தொட்டு, பினாங்கு வரியில்லாத் துறைமுகமாக விளங்கிற்று. 1969-இல் அவ்வுரிமை நீங்கும்வரை பலநாட்டுப் பண்டங்களும் இங்கே மலிவாகக் கிடைத்தன. ஆதலின், பினாங்கிலிருந்து ஊருக்குப் போகிறவர் பெட்டி நிறையக் கொண்டுவருவார் என்பது நாகப்பட்டினத்துக் கரையோர ஊர்களில் எழுதாத சட்டமாயிற்று. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1973 வரை அந்தப் பெட்டிகளைச் சுமந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அது உரிமம் பெற்றிருந்தது. பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு நின்றது. கப்பல்கள் போயின, பெட்டியின் சட்டம் மட்டும் போகவில்லை.

என் சிறிய தந்தையார் அக்கப்பலில் அடிக்கடி சென்று வந்த சிறு வணிகர். அவருடைய இரும்புப் பெட்டியில் அவருக்குரியவை இரண்டு வேட்டிகளும் ஒரு சட்டையுமே. எஞ்சியவையெல்லாம் பிறருக்குரியவை. இன்னார் மகனுக்குக் கைக்கடிகாரம், இன்னார் மருமகளுக்குச் சேலை, ஊர்ப் பெரியவருக்குக் குடை. பெட்டியைத் திறக்கும்போது திண்ணையில் ஊரே கூடியிருக்கும். பங்கு கிடைக்காதவர் மறுநாள் முகங்கொடுத்துப் பேசமாட்டார். ஓர் ஆண்டு வணிகம் நலிந்தது, பெட்டி நிரம்பவில்லை. வெறுங்கையோடு போவதெப்படி என்று பயணத்தை மறு ஆண்டிற்கு ஒத்திவைத்தார். அந்த ஆண்டிற்குள் என் பாட்டியார் கண் மூடிவிட்டார். பாட்டியார் எந்நாளும் கடிகாரம் கேட்டதில்லை. மகன் வந்தால் போதுமென்றே கேட்டிருந்தார்.

அச்சிறிய தந்தையார் தமக்குக் கிடைத்தவற்றுள் ஒரே ஒரு பரிசை இறுதிவரை புகழ்ந்து பேசினார். தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் ஒரு துணிப்பையில் உப்பிட்டு உலர்த்திய நார்த்தங்காயும், ஒரு சிறு புட்டி கோடாலித் தைலமும், தோட்டத்து முகவரியை ஆசிரியரிடம் எழுதி வாங்கிய இரண்டு கடித உறைகளும் வைத்துக் கொடுத்தார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், தம்பி" என்றார். நாகப்பட்டினம் சேர நான்கைந்து நாட்கள் ஆகும். அலையில் குமட்டும்போது நார்த்தங்காய் நாவுக்கு உதவியது. தைலம் நெற்றிக்கு உதவியது. உறை எங்கள் வீட்டாரின் கவலையைப் போக்கிற்று. 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்தைலம் பயணிகளின் மடியில் ஏறியே ஊர்தோறும் பரவிற்று என்றால் வியப்பில்லை. சிறியது, மலிவானது, வழியிலேயே பயன்படுவது. நம் முன்னோர் வழிநடப்போர்க்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்பியதும் இதே அறிவினாலன்றோ?

இன்று வழி மாறியுள்ளது, அறிவு மாறவேண்டியதில்லை. வானூர்தியில் கைப்பெட்டிக்குப் பெரும்பாலும் ஏழு கிலோ எடையே இடம். உடன் கொண்டுபோகும் நீர்ப்பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டர் புட்டிக்குள் அடங்கவேண்டும். பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் இடலாகாது, கையில்தான் வைத்திருக்கவேண்டும். நாம் அன்போடு கட்டித்தரும் கசகசாப் பொட்டலம் ஐக்கிய அரபு நாடுகளில் தடைசெய்யப்பட்ட பொருள். ஆதலின் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்க: சுமையா? வழியில் உதவுமா? செல்லும் நாட்டில் ஏற்பார்களா?

இம்மூன்றுக்கும் தேறும் பொருள்கள் பினாங்கில் மலிவாகவே உள்ளன. மலேசிய மின்செருகிக்கு மூன்று தட்டைக் கால்கள். தமிழ்நாட்டுச் செருகிக்கு உருண்டைக் கால்கள். இரண்டையும் இணைக்கும் சிறு மாற்றுச் செருகி ஒன்று, வெள்ளிக் குங்குமச் சிமிழைவிடப் பயணிக்குப் பேருதவி. குளிரூட்டிய பேருந்தில் போர்த்த ஒரு மெல்லிய பருத்திப் போர்வை, விரைவில் உலரும் துண்டு, பாலிக் புலாவ் ஜாதிக்காயில் செய்த தைலத்தில் ஒரு சிறு புட்டி ஆகியவையும் ஏற்றவை. லாரி ஓட்டுபவருக்குச் சூடு ஆறாத தேநீர்க் குடுவை. இவற்றை வாங்க எவரும் கடன்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பரிசு கொடுத்த கையோடு, "இதையும் ஊரில் சேர்த்துவிடு" என்று ஒட்டிய பொட்டலத்தை நீட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. போதைப் பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க மலேசியச் சட்டமும் சிங்கப்பூர்ச் சட்டமும் இடந்தருகின்றன. பொட்டலம் பிறருடையது என்னும் சொல் அங்கே எளிதில் எடுபடாது. என் தமக்கை மகன் மாதம் ஒருமுறை பறப்பவன். திறந்து பார்க்காத எதையும் ஏற்பதில்லை என்று விதி செய்துகொண்டான். உறவினர் சிலர் அதனைச் செருக்கென்றனர். அவனைப் பெற்ற தாயோ, இரவில் அமைதியாக உறங்குகின்றேன் என்றாள். பிறர் பொட்டலத்தைச் சுமக்கவேண்டாமென்று விடுவிப்பதும் ஒரு பரிசே.

தோட்டத்துத் தோழர்களே, நகரத்து நண்பர்களே! நம்மிற் பலர் தீபாவளிக்கு வாங்குவது பெறுவோரின் தேவையையன்று. அண்டை வீட்டார் கண்ணை. அந்தக் கண்ணுக்காகப் பட்ட கடனை அடுத்த தீபாவளி வரை அடைக்கின்றோம். இவ்வாண்டு அதனை விடுத்து, பயணியையே நேரில் கேட்போம்: "வழியில் உங்களுக்குக் குறைவது என்ன?" அவர் சொல்வதைத் தருவோம். திரும்பி வரும்போது அவருடைய கைகளைப் பாராது முகத்தைப் பார்த்து, "வாருங்கள், சாப்பிட்டீர்களா?" என்று கேட்போம். பெட்டி நிரம்பவில்லை என்பதற்காக எந்த மகனும் தன் தாயைக் காணும் பயணத்தை இனி ஒத்திவைக்க வேண்டாம்.