பறிமுதலான நோட்டு

'தி டேஞ்சரஸ் லைவ்ஸ் ஆஃப் ஆல்ட்டர் பாய்ஸ்' 2002இல் வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எமில் ஹிர்ஷ், கீரன் கல்கின் என்ற இரு இளைஞர்களின் நடிப்பு பாராட்டப்பட்டது. நடுநடுவே வரும் அசைவூட்டக் காட்சிகள் கதையோடு ஒட்டவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். மறு ஆண்டு இன்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த முதல் படத்துக்கான பரிசைப் பெற்றது. திரையரங்குகளில் போட்ட பணம் திரும்பவில்லை.

கதை 1970களின் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் நடக்கிறது. பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்கள் நால்வர் ரகசியமாக ஒரு படக்கதை வரைகிறார்கள். அதில் அவர்கள் மாவீரர்கள். ஜோடி ஃபாஸ்டர் நடித்த அருட்சகோதரி அசம்ப்டா அரக்கி. நோட்டு அவர் கையில் சிக்குகிறது. அங்கிருந்து பழிவாங்கும் திட்டம். முடிவில் ஒரு சாவு. மூல நாவலை எழுதிய கிரிஸ் ஃபர்மன் 1991இல் புற்றுநோயால் இறந்தார். நூல் அச்சேறியது 1994இல்தான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையிலிருந்து குறுந்தகட்டை வாடகைக்கு எடுத்து இதைப் பார்த்தேன். ஒட்டவில்லை எனப்பட்ட காட்சிகளே என்னை உலுக்கின. நான் படித்ததும் தென்சென்னைப் புறநகரில் துறவியர் நடத்திய பள்ளிதான். கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்குச் செல்லும் நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை. அந்த வகுப்பில் என் அருகில் அமர்ந்தவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆசிரியர்களை வரைவான். ஒன்பதாம் வகுப்பில் பிடிபட்டான். தகப்பனாரை அழைத்து வரச் சொன்னார்கள். அவர் தலைமையாசிரியர் அறையில் கைகட்டி நின்றார். நோட்டு திரும்பி வரவில்லை. அடி விழுந்திருந்தால் அவன் மறந்திருப்பான். அப்பா நின்ற அந்த நிலையை மறக்கவில்லை. பிறகு அவன் உயிரியல் பாடத்துக்கு இதயத்தை வரைந்தபோதுகூட அது புத்தகத்திலிருந்து பிரதியெடுத்ததைப் போலவே இருந்தது.

பதின்மூன்று வயதுப் பையன் வரைவது அவனுடைய நாளோடு ஒட்டாது. ஒட்டாமலிருப்பதற்காகவே அவன் வரைகிறான். வகுப்பில் தலைகுனிந்து நிற்பவன் தாளில் வாளேந்துகிறான். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விரிசலைப் படம் பூசி மறைக்கவில்லை என்பதை அதன் பலம் என்றே நான் கொள்வேன்.

அதே 2002இல்தான் செல்வராகவன் எழுதி, கஸ்தூரி ராஜாவின் பெயரில் வெளிவந்த 'துள்ளுவதோ இளமை'யும் வந்தது. தனுஷின் முதல் படம். வீட்டில் அன்பு கிட்டாத பள்ளிப் பிள்ளைகள் ஓடிப்போகும் கதை. படம் ஓடியது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆபாசம் என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இளமையைக் காட்சிப்பொருளாக்கிய இடங்கள் அதில் உண்டு. எனினும் அப்பிள்ளைகள் ஏன் ஓடினார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

பையன்கள் கெட்டுப்போவார்களே என்று நம் விமர்சனம் நிரம்பக் கவலைப்பட்டிருக்கிறது. அவர்களிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்று விசாரித்தது குறைவு.