ஓனர் கம் டிரைவர்

"ஏனுங்க, புள்ளைக்கு லைசென்ஸ் வந்துடுச்சு. வண்டி எடுக்கறேன்னு சொன்னீங்களே?"

காபி டம்ளரை வைத்துவிட்டு மனைவி கேட்டாள். சொன்னது வாஸ்தவம்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், 'என் கிளாஸ் பசங்க எல்லாம் ஓட்றாங்கப்பா' என்று பாப்பா மூக்கைச் சிந்தியபோது, அப்போதைக்குச் சமாளிக்கக் கொடுத்த வாக்கு.

எங்கள் சூலூர் பக்கம் தோட்டத்துப் பையன்கள் பத்தாவது பரீட்சைக்கு முன்பே தேங்காய் லோடு பொலீரோவை ஓட்டிப் பழகிவிடுவார்கள். 'பொள்ளாச்சி வரைக்கும் தனியா ஓட்டீட்டுப் போயிட்டு வந்துட்டானுங்க' என்று கல்யாண மண்டபத்தில் பெருமை பேசும் அப்பாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தை வேலை நிமித்தம் படித்துத் தொலைத்தவன். பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால், பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். ரெஜிஸ்ட்ரேஷன் 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. அதனால் பதினெட்டு முடிந்து, எல்.எல்.ஆர். போட்டு, முறையாக டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கும்வரை சாவியைத் தொட விடவில்லை. சொந்தத்தில் எனக்கு 'சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் ஒரு சான்ட்ரோ நின்றது. அதையே கொடுத்திருக்கலாம். ஆனால் பதினைந்து வருஷம் முடிந்து, எஃப்.சி. காட்டிப் புதுப்பித்த வண்டி. ஏர்பேக் என்ற சமாசாரமே கிடையாது. நான் ஓட்டியபோது அது உறைத்ததே இல்லை. பாப்பா அந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிய அன்றைக்கு உறைத்தது. விற்றுவிட்டேன்.

டல்லாஸில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் மகனுக்கும் அப்போதுதான் வண்டி பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இங்க வண்டி விலை ஒரு பக்கம்னா இன்சூரன்ஸ் இன்னொரு பக்கம். ஓட்டறது யாரு, என்ன வயசுன்னுதான் முதல்ல கேப்பான். ஸ்கூல்ல மார்க் நல்லா வாங்கினா தள்ளுபடி உண்டு" என்றான். பிராக்ரஸ் கார்டைக் காட்டி பிரீமியம் கட்டும் ஊர்!

நம் ஊரில் அடிப்படைக் கணக்கே வேறு. ஓட்டுகிறவர் பதினெட்டா அறுபதா என்று தேர்டு பார்ட்டிக் கட்டணம் கேட்பதில்லை. இன்ஜின் எத்தனை சி.சி. என்றுதான் கேட்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சி.சி. வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1,500 வரை 3,416. அதற்கு மேலே போனால் 7,897. வரி தனி. என் சான்ட்ரோ 1,086 சி.சி. வெறும் 86 சி.சி.க்காக இத்தனை வருஷமும் நடு ஸ்லாபில் தண்டம் கட்டியிருக்கிறேன். பி.காம். படித்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? இந்த முறை ஆயிரத்தைத் தாண்டுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு, திருச்சி ரோட்டில் ஒரு கார் கன்சல்டிங்குக்குப் போனேன்.

"வாங்க, வாங்க. எல்லாம் சிங்கிள் ஓனருங்க. இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்குது" என்றார். இந்த 'கரண்ட்' என்ற வார்த்தையில் ஜாக்கிரதை. அது பழைய ஓனர் பேரில் இருக்கும் கரண்ட். பெயர் மாற்றி 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியையும் நம் பெயருக்கு மாற்றாவிட்டால், நாளைக்கு நம் வண்டி நசுங்கும்போது அந்தக் கரண்ட்டில் பல்பு எரியாது.

"எண்ணூறு சி.சி.யில ஏதாச்சும்?" என்றேன். "பாப்பா காலேஜுக்குப் போறதுக்கு அதுங்களா?" என்று உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் கொஞ்சம் கோபம். அந்த 800 இன்ஜினை வைத்துத்தான் நம்ம கோயமுத்தூர் கரிவரதன் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார் செய்தார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டியது அந்த வண்டியில்தான். இதையெல்லாம் சொன்னால் அவர் விலையைக் குறைக்கவா போகிறார்? சொல்லவில்லை.

பிறகு நானே ஒரு கோடு போட்டேன். 2019 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். ஜூலை முதல் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். ஆகவே அதற்குப் பிறகு தயாரான வண்டிதான். பழையதற்கும் அதற்கும் விலை லட்சத்துச் சொச்சம் வித்தியாசம். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து குளோபல் என்கேப் மோதல் சோதனை. என் ஆயிரம் சி.சி. சபதத்துக்குள் அடங்குகிற ஆல்ட்டோ கே-10க்கு 2023 சோதனையில் ரெண்டு ஸ்டார், வேகன்-ஆருக்கு ஒன்று. 2020-ல் சோதித்த டாடா டியாகோவுக்கு நாலு. ஆனால் டியாகோ 1,199 சி.சி.! மறுபடியும் நடு ஸ்லாப்.

ராத்திரி கால்குலேட்டரை எடுத்தேன். 3,416-ல் 2,094 போனால் 1,322. ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் அறுபத்திரண்டு காசு. எங்கள் முக்குக் கடையில் அந்தக் காசுக்குப் பாதி வடை கூட வராது. இதற்காகவா ரெண்டு ஸ்டாரை விடுவது? 2020 மாடல் டியாகோ ஒன்றைப் பேசி முடித்தேன்.

இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்கே வந்தார். நான் சூதானமாக, சான்ட்ரோவுக்கு வாங்கி வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் கடிதத்தை நீட்டினேன். பல வருஷமாக ஒரு கிளெய்ம் கூட வாங்காமல் சேர்த்த ஐம்பது சதவீதம்! ஓன் டேமேஜ் பிரீமியத்தில் பாதி கழியும்.

"வண்டி யார் பேருலங்க?"

"என் பேர்லதான். போனஸ் என் பேருக்குத்தானே?"

"கரெக்டுங்க. போனஸ் வண்டிக்கு இல்லீங்க, ஆளுக்கு. ஓட்டறது?"

"பாப்பா."

அவர் பேனாவை மூடினார். "அப்ப ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. இதுல 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் வருதுங்களே, அது ஓனர் கம் டிரைவருக்குத்தான். ஓனரா இருக்கோணும், அவருகிட்ட லைசென்ஸும் இருக்கோணும். நீங்க ஓனரு, பாப்பா ஓட்டறப்ப ஏதாச்சும்னா... அவங்களுக்கு அந்தப் பணம் வராதுங்க. பேர் போட்டுத் தனியா கட்டினா உண்டு."

ஆக்சிடென்ட் செய்தியே ஆயிரம் எழுதியிருப்பேன். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2018-ல் ரெண்டு லட்சத்தை 15 லட்சமாக உயர்த்திய செய்தியையும் எழுதியவன் நான்தான். இந்த 'ஓனர்' என்ற ஒற்றை வார்த்தை கண்ணில் படவே இல்லை. சி.சி.யை எண்ணினேன், ஸ்டாரை எண்ணினேன். சீட்டில் உட்காருகிறவள் கணக்கில் வரவில்லை.

"பாப்பா பேர்லயே எடுத்தா?"

"உங்க போனஸ் போயிருமுங்க. அவங்களுக்கு சைபர்ல இருந்து ஆரம்பிக்கும்."

மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "பாப்பா பேர்லயே போடுங்க. ஆர்.சி.யும் அவ பேருக்கே மாத்திக்கலாம்."

பாப்பா ஓடி வந்து உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் ஜோராகச் சொன்னாள். அவர் செல்லில் தட்டிக்கொண்டே வந்தார்.

"நாமினி பேரு சொல்லு கண்ணு. வயசு, உறவு."

என் எல்.ஐ.சி., பி.எஃப்., பேங்க் டெபாசிட் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் இருப்பது அவள் பெயர்தான். இந்த ஃபாரத்தை இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பா பேரே போட்டுக்கங்க அங்கிள். உங்களுக்கு நாற்பத்தெட்டாப்பா, நாற்பத்தொம்பதா?"

"நாற்பத்தெட்டு."

தட்டினார். அவள் செல்லுக்கு ஓ.டி.பி. வந்து விழுந்தது.

"சொல்லட்டுமாப்பா?" என்றாள்.

சொல்லு கண்ணு என்பதற்குள் என் காபி ஆறிவிட்டது.